தேவதாஸுக்கு அழுதோம், பார்வதிக்கு?

1953-இல் 'தேவதாஸ்' வந்தபோது தமிழ்நாடும் ஆந்திரமும் ஒரு குடிகாரனுக்காக அழுதன. காதலித்தவளின் கையைப் பிடிக்கத் துணிவில்லாதவன், குடியில் இறங்கி உடம்பைக் கெடுத்துக்கொள்கிறான். கடைசியில் அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டு வாசலுக்கே வந்து உயிரை விடுகிறான். நாகேஸ்வர ராவ் நடித்த அந்த ஜமீன்தார் மகனை யாரும் ஏசவில்லை. குடித்ததற்காக அவனைக் கேவலமாகப் பேசியவர்கள் இல்லை. தாடியும் சால்வையுமாகச் சோகத்தில் திரியும் ஆண் எவனையும் இன்றுவரை நாம் 'தேவதாஸ்' என்றுதான் கூப்பிடுகிறோம். அந்தக் கூப்பிடுதலில் கேலி கொஞ்சம் இருந்தாலும் இரக்கம்தான் அதிகம்.

அந்தப் படத்தில் பார்வதியாக நடித்த பெண்ணுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. குண்டூர் மாவட்டத்துச் சிர்ராவூரில் பிறந்த சாவித்திரி. 'மிஸ்ஸியம்மா', 'மாயாபஜார்', 'களத்தூர் கண்ணம்மா', 'பாசமலர்', 'நவராத்திரி' என்று அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் தென்னிந்தியாவின் வீடுகளெல்லாம் அவரைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே நினைத்தன. 1980 மே மாதம், பெங்களூரில் ஒரு படப்பிடிப்புக்காக ஓட்டலில் தங்கியிருந்த இடத்தில் அவர் நினைவிழந்தார். பத்தொன்பது மாதங்கள் நினைவு திரும்பாமலேயே கிடந்து 1981 டிசம்பர் 26-ஆம் தேதி சென்னையில் இறந்துபோனார். ஐம்பது வயதைத் தொடவில்லை.

தேவதாஸுக்கு அழுத அதே ஜனங்கள் சாவித்திரியைப் பற்றிப் பேசியது வேறு மாதிரி. 'குடிச்சே அழிஞ்சா' என்றார்கள். 'எவ்வளவு சொத்து, எல்லாத்தையும் தொலைச்சா' என்றார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் திருவட்டாறு பக்கத்தில் பழைய படம் டி.வி.யில் ஓடும்போது பெரியவர்கள் இந்தப் பேச்சை எடுப்பதை நான் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தேன். திரையில் அவர் 'பாசமலர்' ராதாவாக அழுதுகொண்டிருப்பார். கண்ணைத் துடைத்துக்கொண்டே இதைச் சொல்வார்கள். நடித்த துயரத்துக்குக் கண்ணீர் வந்தது. நிஜத் துயரத்துக்குத் தீர்ப்புத்தான் வந்தது.

2018 மே 11-ஆம் தேதி வெளியான 'நடிகையர் திலகம்' அந்தத் தீர்ப்பை மறு விசாரணைக்கு எடுத்தது. இரண்டு நாள் முன்னதாகத் தெலுங்கில் 'மகாநடி' என்ற பெயரில் வந்த படம் அது. நாக் அஸ்வின் இயக்கம், கீர்த்தி சுரேஷ் சாவித்திரியாக, துல்கர் சல்மான் அவர் கணவர் ஜெமினி கணேசனாக. சிறந்த நடிகைக்கான தேசிய விருது, சிறந்த தெலுங்குப் படம், உடை வடிவமைப்பு என்று மூன்று தேசிய விருதுகள் பெற்றது. விருதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மனம் உடைந்து குடிக்கு அடிமையான ஒரு பெண்ணின் கதையைப் பாட்டி, அம்மா, மகள் மூவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்கள். தமிழ் சினிமாவில் அதற்கு முன் இப்படி நடந்ததாக எனக்கு நினைவில்லை. குடிக்கும் பெண் நம் படங்களில் யாராக வருவாள்? பணக்காரத் திமிர் பிடித்தவளாக, நாயகனிடம் பாடம் கற்றுக்கொள்ள வேண்டியவளாக, இல்லாவிட்டால் கிளப்பில் ஆட வந்தவளாக. ராமின் 'தரமணி' போல அரிதாகச் சில படங்கள்தான் அவளை ஒரு மனுஷியாகப் பார்த்தன. 'நடிகையர் திலகம்' வெகுஜனப் படம். அது ஒரு சட்டகத்தில்கூட அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

படத்தில் எல்லோரும் சிலாகிக்கிற காட்சி ஒன்று உண்டு. இடது கண்ணில் மட்டும் கண்ணீர் வர வேண்டும் என்று இயக்குநர் கேட்க, எத்தனை சொட்டு என்று கேட்டு அத்தனையை மட்டும் விட்டுக் காட்டுவார் சாவித்திரி. தியேட்டர் கைதட்டியது. நானும்தான் தட்டினேன். பிறகு நினைத்துப் பார்த்தால் அந்தக் காட்சிதான் படத்தின் ஆழமான இடமென்று தோன்றுகிறது. கண்ணீரை அளந்து விடக்கூடிய ஒரு பெண் உண்மையிலேயே அழுதால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? மனச்சோர்வு உள்ள பெண்கள் பலரும் அப்படித்தான் இருக்கிறார்கள். காலையில் எழுந்து இட்லி அவித்து, பிள்ளையை வேனில் ஏற்றி, பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய், எல்லோரிடமும் சிரித்துப் பேசிவிட்டு வருகிறார்கள். திரும்பி வந்து கதவைச் சாத்திய பிறகு நடப்பது வேறு.

படம் வந்ததும் ஒரு சர்ச்சை எழுந்தது. ஜெமினி கணேசன்தான் சாவித்திரிக்குக் குடியைப் பழக்கிவிட்டார் என்பதுபோலக் காட்டியிருப்பதாக அவருடைய மகளும் மகப்பேறு மருத்துவருமான கமலா செல்வராஜ் வெளிப்படையாக ஆட்சேபித்தார். சாவித்திரியின் மகள் விஜய சாமுண்டேஸ்வரி படத்தின் பக்கம் நின்றார். ஒரே தந்தையின் இரு மகள்கள். இரண்டு பேருடைய வலியும் நியாயமானது. அதில் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் பத்திரிகைகளும் டி.வி.யும் வாரக்கணக்கில் பேசியது முழுக்க முதல் கோப்பையை யார் கொடுத்தது என்பதைப் பற்றி. பத்தாவது ஆண்டின் ஆயிரமாவது கோப்பையை அவர் ஏன் கீழே வைக்க முடியவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நோய் இருப்பது அந்தக் கேள்வியில்தான்.

படத்திலும் எனக்கு ஒரு மனக்குறை இதே இடத்தில்தான். கணவன் துரோகம் செய்தான், அதனால் அவள் குடித்தாள், அதனால் அழிந்தாள் என்று ஒரே நூலில் கோத்துவிடுகிறது கதை. துரோகம் நடந்திருக்கலாம். அதோடு சொந்தமாகத் தயாரித்து இயக்கிய 'பிராப்தம்' 1971-இல் தோற்றது. வருமான வரிச் சிக்கல் வந்தது. தி.நகர் அபிபுல்லா சாலை வீடு கையை விட்டுப் போனது. சர்க்கரை நோய் வேறு. இத்தனையும் சேர்ந்த ஒரு உடம்பும் மனமும் எப்படித் தேய்ந்தது என்பதைப் படம் ஒரு பாட்டின் நேரத்தில் கடந்துவிடுகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பது, பிடித்த சாப்பாடு மண்ணாகிப்போவது, குளிப்பதற்கே ஒரு நாள் பலமும் தேவைப்படுவது, குடியை நிறுத்தியதும் கை நடுங்குவது, இவற்றுக்குத் திரையில் இடம் கிடைக்கவில்லை. காதல் தோல்வி என்று பெயர் வைத்துவிட்டால் நமக்குப் புரிந்துவிடுகிறது. காதல் கதை நமக்குத் தெரியும். மனச்சோர்வு என்ற நோயின் கதை தெரியாது.

இந்தியில் இதற்கு முன்னால் ஒரு படம் இருக்கிறது. குருதத் தயாரித்து அப்ரார் அல்வி இயக்கிய 'சாஹிப் பீபி அவுர் குலாம்', 1962. வீடு தங்காத கணவனை வீட்டில் நிறுத்துவதற்காக அவனோடு உட்கார்ந்து குடிக்கத் தொடங்குகிறாள் ஜமீன் வீட்டு இளைய மருமகள். கணவனுக்காகத் தொடங்கிய குடி அவளைப் பிடித்துக்கொள்கிறது. மீனா குமாரி நடித்த அந்தப் பாத்திரம் அவருடைய வாழ்க்கையாகவே ஆனது. தூக்கமின்மைக்கு மருந்துபோலப் பழகிய பிராந்திதான் ஆரம்பம் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1972 மார்ச் 31-ஆம் தேதி, கல்லீரல் சுருங்கி, 38 வயதில் இறந்தார். சாவித்திரியும் மீனா குமாரியும் ஒரே காலத்தவர்கள். மீனா குமாரிக்கு 'துயரத்தின் ராணி' என்றே பட்டம். துயரத்தை நடிப்பாகப் பார்த்து ரசித்த கண்கள், அது நோயாகி எதிரில் நின்றபோது அடையாளம் காணவில்லை.

காரணம் கிடைக்காத துயரத்தை என்ன செய்வது? அமெரிக்காவில் எலிசபெத் வூர்ட்செல் என்ற இளம் பத்திரிகையாளர் 1994-இல் தன் மனச்சோர்வைப் பற்றி எழுதிய 'புரோசாக் நேஷன்' என்ற நூல் இந்தக் கேள்வியைத்தான் கேட்டது. 2001-இல் அது படமாகவும் வந்தது. கிறிஸ்டினா ரிச்சி மகளாகவும் ஜெசிக்கா லாங் தாயாகவும் நடித்தார்கள். ஹார்வர்டில் இடம் கிடைத்த, நன்றாக எழுதக்கூடிய, வாழ்க்கை முழுதும் முன்னால் கிடக்கிற ஒரு பெண். அவள் படுக்கையை விட்டு எழ முடியாமல் போகிறாள். போதையில் விழுகிறாள். நெருங்கி வருபவர்களையெல்லாம் கடித்துக் குதறுகிறாள். அந்தப் பெண் பார்ப்பவர்களுக்குப் பிடித்தமானவளாக இல்லை. படமும் சரியாக ஓடவில்லை. அமெரிக்கத் தியேட்டர்களில் பரவலாக வெளிவரக்கூட இல்லை. ஆனால் நோய் மனிதரை எப்போதும் அழகாக அழ வைப்பதில்லை என்ற உண்மையைச் சொல்லும் துணிவு அதற்கு இருந்தது. மகளுக்கு என்ன ஆனதென்றே புரியாமல் தவித்து, கத்தி, பிறகு களைத்துப்போகும் அந்தத் தாயை நான் மார்த்தாண்டம் பஸ் நிலையத்தில் எத்தனையோ தடவை பார்த்ததுபோலிருந்தது. வூர்ட்செல் மாத்திரையால் மனச்சோர்விலிருந்து மேலே வந்தார். பிறகு வேறொரு மாத்திரைக்கே அடிமையானார். அதையும் எழுதினார். அதிலிருந்தும் வெளியே வந்து, வழக்கறிஞராகி, 2020-இல் புற்றுநோயால் இறந்தார். ஒரே கோட்டில் விழுந்து முடிகிற கதையல்ல அவருடையது. விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, மறுபடி எழுந்த வாழ்க்கை.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன்.

திருவட்டாறு என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது ஆதிகேசவப் பெருமாள். 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலை 6-ஆம் தேதி நடந்த கும்பாபிஷேகத்துக்கு வந்த கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள். கோயில் கூட்டம், சர்ச் கூட்டம், மகளிர் குழுக் கூட்டம் எல்லாவற்றையும் இந்த மாவட்டத்தில் தாங்கி நிற்பவர்கள் பெண்கள்தான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு கூடிய மாவட்டம் கன்னியாகுமரி, 91.75 விழுக்காடு. ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள். நர்ஸிங் படித்துவிட்டு வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் போகிற பெண்கள், முந்திரி ஆலையில் உட்கார்ந்து முதுகு வளைந்த பெண்கள், விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டப் போகிற பெண்கள். இவர்கள் மனம் சோர்ந்துபோனால் இந்த ஊரில் அதற்கு என்ன நடக்கிறது?

முதலில், அது வேறு உருவத்தில் ஆஸ்பத்திரிக்கு வரும். 'ஒரே சீணமா இருக்கு டாக்டரே', 'தலைவலி விடமாட்டேங்குது', 'நெஞ்சுல எதோ கெடந்து அமுக்குது'. இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், சத்து மாத்திரை, குளுக்கோஸ். எதிலும் ஒன்றும் தெரியாது. 'ஒண்ணுமில்ல' என்று சொல்லி அனுப்புவார்கள். வீட்டில் அம்மா கேட்பாள்: 'மக்களே, ஒனக்கு என்ன கொறை? திங்க இல்லையா, உடுக்க இல்லையா?' அது கோபத்தில் கேட்பதல்ல, பயத்தில் கேட்பது. அடுத்த கட்டமாக ஜாதகம், ஜெபம், மந்திரித்த கயிறு. அதற்கும் அடுத்து, 'கல்யாணம் கட்டிக்கொடுத்தா சரியாயிரும்.' திருமணமாகிவிட்டிருந்தால், 'ஒரு பிள்ளை பிறந்தா சரியாயிரும்.' நோயுள்ள ஒரு பெண்ணின் தலையில் இன்னும் இரண்டு உயிர்களின் பொறுப்பை ஏற்றுவது எப்படி மருந்தாகும் என்று ஒருவரும் கேட்பதில்லை.

மனநல மருத்துவர் என்ற சொல் வந்துவிட்டால் வீடு அப்படியே மூடிக்கொள்ளும். திருவிதாங்கூரோடு இருந்த பழைய காலத்திலிருந்தே எங்கள் பக்கத்தில் ஒரு வசவு உண்டு: 'ஊளம்பாறைக்குக் கொண்டு விடணும்.' 1870-இல் தொடங்கிய திருவனந்தபுரம் மனநல மருத்துவமனை இருக்கும் இடம் ஊளம்பாறை. சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ எங்களுக்கு அது அப்படி. நூற்றைம்பது ஆண்டுகளாக எத்தனையோ பேரைக் குணமாக்கி அனுப்பிய ஓர் ஆஸ்பத்திரியின் பெயர் வசவாக நிலைத்துவிட்டது. அதே சமயம், உள்ளூரில் பார்த்துவிடுவார்கள் என்று பயந்து மனநோய்க்கு மருந்து வாங்கத் திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏறுகிறவர்களும் எங்கள் ஜனங்கள்தான். 'பல்லு காட்டப் போறோம்' என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவார்கள்.

திருவட்டாற்றிலிருந்து அதிக தூரமில்லாத பத்மநாபபுரம் அரண்மனையில்தான் 1993-இல் 'மணிச்சித்ரதாழ்' படத்தின் காட்சிகள் எடுக்கப்பட்டன. ஒரு பெண்ணின் மனநோயைப் பற்றி மலையாளத்தில் வந்த படங்களில் இன்றுவரை மிக அதிகம் கொண்டாடப்படுவது அது. 'சந்திரமுகி'யாகத் தமிழுக்கும் வந்தது. ஷோபனாவுக்குத் தேசிய விருது வாங்கிக்கொடுத்தது. படத்தில் வருபவர் மனநல மருத்துவர்தான்; நோய் என்றுதான் சொல்கிறார். ஆனாலும் எங்கள் ஊரில் ஜனங்கள் மனதில் பதிந்தது பேயாகப் பேசப்படும் நாட்டியக்காரி நாகவல்லியின் கண்ணும் நாட்டியமும்தான். ஒரு பெண்ணுக்கு மனம் சரியில்லை என்றால் அவள் இரவில் சலங்கை கட்டி ஆட வேண்டும், குரல் மாற வேண்டும், கட்டிலைத் தூக்க வேண்டும். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கும் பெண்ணுக்கு நோயென்று யார் நம்புவார்கள்? அவளுக்கு 'மடி' என்று பெயர். சோம்பேறி.

நாஞ்சில் நாடு இசக்கியம்மன்களின் நாடு. முப்பந்தல் தொடங்கி ஒவ்வொரு ஊர் விளிம்பிலும் ஏமாற்றப்பட்டு, கொல்லப்பட்டு, துயரத்தோடு செத்த ஒரு பெண் தெய்வமாகி நிற்கிறாள். வில்லுப்பாட்டில் அவள் கதையை விடிய விடியப் பாடுகிறோம். செத்துப்போன பெண்ணின் துயரத்துக்கு இத்தனை மரியாதை தருகிற மண், உயிரோடு இருக்கும் பெண்ணின் துயரத்தைக் கேட்க ஒரு மணி நேரம் ஒதுக்குவதில்லை என்பது என் நெஞ்சை அறுக்கிறது.

போதையைப் பற்றிய பேச்சும் இங்கே இப்படித்தான் ஒரு பக்கமாகவே ஓடுகிறது. 2015 ஜூலை 31-ஆம் தேதி, மார்த்தாண்டத்தை அடுத்த உண்ணாமலைக்கடையில் டாஸ்மாக் கடையை அகற்றக் கோரிக் கைப்பேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரிழந்தார். சேலத்துக்காரர், எங்கள் மண்ணில் வந்து உயிரை விட்டார். அந்த நாட்களில் தெருவில் இறங்கிய பெண்களின் கோபத்தில் ஒவ்வொரு சொல்லும் நியாயம். மழைக்காலத்தில் ரப்பர் வெட்டு நின்று கூலி நின்றாலும் குடி நிற்காத வீடுகள் இங்கே எத்தனை! ஆனால் குடி என்றால் ஆண் குடிப்பான், பெண் அழுவாள் என்ற ஒரே சித்திரம்தான் நமக்குத் தெரியும். குடிக்கிற பெண், தூக்க மாத்திரை இல்லாமல் கண் மூட முடியாத பெண், வலி மாத்திரையைப் பத்துப் பத்தாக வாங்கி மறைத்து வைக்கிற பெண், இவர்கள் எந்தப் போராட்டப் பந்தலிலும் இல்லை.

எண்ணிக்கையில் அவர்கள் குறைவுதான். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் மது அருந்தும் ஆண்கள் 27.3 விழுக்காடு, பெண்கள் 1.6 விழுக்காடு. ஆனால் ஒரு வீட்டுப் பெண்ணிடம் கணக்கெடுப்பாளர் வந்து, மாமியார் பக்கத்தில் நிற்க, நீங்கள் குடிப்பதுண்டா என்று கேட்டால் என்ன பதில் வரும்? குறைவு என்பதே அவர்களைக் கூடுதலாகத் தனிமைப்படுத்துகிறது. அதே ஆய்வில் இன்னொரு தகவல் உண்டு: மதுவுக்கு அடிமையானவர்களில் ஏதாவது சிகிச்சை பெற்றவர்கள் 38 பேருக்கு ஒருவர். ஆணையும் பெண்ணையும் சேர்த்த கணக்கு இது.

பெண்ணுடம்பு மதுவுக்கு வேகமாகப் பலியாகும் என்பதை மருத்துவம் தெளிவாகச் சொல்கிறது. ஆணைவிட உடலில் நீரின் அளவு குறைவாக இருப்பதால் அதே அளவு மது அவள் இரத்தத்தில் கூடுதல் செறிவோடு ஏறும். குடிக்கத் தொடங்கி அடிமையாவதற்கு ஆகும் காலம் குறைவு. கல்லீரலும் சீக்கிரம் கெடும். மனச்சோர்வோ ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தூக்கம் வராத மனதுக்கு மது முதல் சில வாரங்கள் தூக்கம் தரும். பிறகு அந்தத் தூக்கத்தையே கெடுக்கும். விடிகாலைக் கலக்கத்தைக் கூட்டும். அதை அடக்க இன்னும் கொஞ்சம். இப்படித்தான் இரண்டு நோய்களும் ஒன்றுக்கொன்று தீனி போட்டுக்கொண்டு வளர்கின்றன. சோர்வுக்கு மட்டும் மருந்து கொடுத்துக் குடியைக் கவனிக்காமல் விட்டாலும், குடியை மட்டும் நிறுத்திச் சோர்வைக் கவனிக்காமல் விட்டாலும், நோயாளி திரும்ப அதே இடத்துக்கு வந்து நிற்பார். சாவித்திரிக்கும் மீனா குமாரிக்கும் 'குடியை நிறுத்து' என்று சொன்னவர்கள் நிச்சயம் பலர் இருந்திருப்பார்கள்.

எங்கள் பக்கத்துக்காரரான எழுத்தாளர் ஜெயமோகன் திருவரம்பில் வளர்ந்தவர். 'விஷ்ணுபுரம்' எழுத அவருக்குத் தூண்டுதலாக இருந்ததே திருவட்டாறு கோயில்தான். அவர் வசனத்தில் பங்கெடுத்த படம் சீனு ராமசாமியின் 'நீர்ப்பறவை', 2012. கடற்கரை ஊரில் குடிக்கு அடிமையான அருளப்பசாமியை எஸ்தர் என்ற பெண் காதலித்து, காத்திருந்து, மனிதனாக்கி எடுக்கிறாள். எனக்கு மிகவும் பிடித்த படங்களில் ஒன்று. அதில் குடி நோயாகவே வருகிறது. குடிகாரனுக்கு மானம் மிஞ்சுகிறது. பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு ஆசை எழும். எஸ்தர் குடிநோயாளியாக இருந்து, அருளப்பசாமி அவளுக்காகக் காத்திருக்கும் கதையை நாம் எப்போது எடுப்போம்? குடிகார ஆணுக்கு மருந்தாகப் பெண்ணை அனுப்பும் கதைகள் நம்மிடம் நூறு இருக்கின்றன. நோயுற்ற பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் ஆணின் கதையைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜெயமோகன் தன் தாயும் தந்தையும் தற்கொலை செய்துகொண்டதையும், அதற்குப் பின் தானே மனம் தகர்ந்து அலைந்த நாட்களையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். நன்கு வாசிக்கும் பெண்ணாக இருந்த தன் அம்மாவைப் பற்றி அவர் எழுதியதையெல்லாம் படிக்கும்போது, எங்கள் தோட்டத்து வீடுகளுக்குள் எத்தனை பெண்கள் இப்படி இருந்தார்கள் என்ற எண்ணம் வரும். அந்தக் கதைகள் படமாக வேண்டும். எழுதத் தெரிந்த மகன்கள் இல்லாத தாய்மார்களின் கதைகளும்தான்.

நம்பிக்கையற்ற விஷயமாக இதை முடித்துவிட எனக்கு மனமில்லை. ஏனென்றால் உண்மை நிலவரம் அப்படியில்லை. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு மையத்தைத் தொடங்கினார். குடியை நோய் என்று சொல்லி, நோயாளியோடு சேர்த்துக் குடும்பத்துக்கும் சிகிச்சை தந்த இடம் அது. குடி என்றாலே ஒழுக்கக்கேடு என்று பேசிய காலத்தில் விதவையான ஒரு பெண் இதைச் செய்தார். 1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'ஸ்நேகா' தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களின் குரலை இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகியபோது இந்த நாடு வெட்கப்பட்டது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகக் கொண்டு அரசு பராமரிக்க வேண்டும் என்றது. மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்து வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. 'நடிகையர் திலகம்' தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்த அதே 2018 மே மாத இறுதியில்தான் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சாவித்திரிக்கு நடந்ததை நோயென்று சட்டம் ஒப்புக்கொள்ள, அவர் இறந்து 36 ஆண்டுகள் ஆகின.

சிகிச்சை என்பதும் எட்டாத உயரத்தில் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஈடுபாடில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, எதற்கும் உதவாதவள் என்ற எண்ணம் விடாமல் துரத்தினால் அது பார்க்க வேண்டிய நோய். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, கட்டணமில்லை. மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்ய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் இங்கே அதிகம். வீட்டார் அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு கூடவே நிற்க வேண்டும். நெடுநாள் குடித்தவர் திடீரென்று வீட்டிலேயே நிறுத்துவதும் ஆபத்து. வலிப்பும் புத்தி பேதலிப்பும் முதல் சில நாட்களிலேயே வரக்கூடும். மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். 'பூட்டி வச்சா சரியாயிருவா' என்று அறைக்குள் அடைப்பது உயிரை எடுத்துவிடும். யாரிடமும் முகம் காட்ட விருப்பமில்லையென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் இந்த இலவச அரசு சேவைக்குப் பக்கத்து வீட்டில் யாரிடமும் பல் வலி என்று சொல்ல வேண்டியதில்லை.

படம் எடுப்பவர்களிடம் நான் கேட்பது இந்தக் காட்சிகளைத்தான். மாத்திரை போட்ட முதல் வாரத்தில் வாய் உலர்ந்து, எரிச்சலாகி, எல்லாவற்றையும் தூக்கி எறியப் பார்க்கும் பெண். ஆறு மாதம் தொடாமல் இருந்து ஒரு கல்யாண வீட்டில் மறுபடி குடித்துவிட்டு, மறுநாள் வெட்கத்தோடு அதே மருத்துவரிடம் போய் உட்காரும் பெண். அவளை 'திரும்பவுமா?' என்று கேட்காத மருத்துவர். முதலில் கயிறு கட்டக் கூட்டிப்போய், பிறகு ஊளம்பாறைக்கே கூட்டிப்போகும் அம்மா. படம் முடியும்போது அவள் சாகவும் வேண்டாம், யாரையாவது கட்டிக்கொண்டு சிரிக்கவும் வேண்டாம். வேலைக்குப் போகட்டும், மாத்திரை வாங்க மாதம் ஒருமுறை பஸ் ஏறட்டும். இந்தப் பெண்கள் கற்பனை இல்லை. திருவட்டாறு, குலசேகரம், வேர்க்கிளம்பி, அருமனை என்று எங்கள் பஸ் தடம் முழுக்க இருக்கிறார்கள். கதை கேட்டு யாராவது வந்தால் சொல்வதற்கும் சிலர் தயாராக இருக்கிறார்கள்.